ஜொகூர்ல ஏன் இந்து அறப்பணி வாரியம் இல்லை?

இது நீளமான பதிவு. வேலைக்குப் போற அவசரத்துல படிக்காதீங்க, ராத்திரி சாப்பிட்டுட்டு உட்கார்ந்து படிங்க.

போன வாரம் நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி ஒரு கேள்வி போட்டார். "பினாங்குல இந்து அறப்பணி வாரியம் இருக்கு, சிங்கப்பூர்லயும் இருக்கு. ஜொகூர்ல மட்டும் ஏன் இல்லை?" ரெண்டு நிமிஷம்கூட ஆகல, ஒரு அண்ணன் பதில் போட்டார். "வாரியமெல்லாம் வேண்டாம். தமிழ்நாட்டைப் பாருங்க, உண்டியல் காசை அரசாங்கம் எடுத்துட்டுப் போகுது." அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். விடிய விடிய மெசேஜ். ரெண்டு பேர் குழுவை விட்டே வெளியேறிட்டாங்க.

ரெண்டு பேர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கு. மீதிப் பாதி தெரியாம சண்டை போட்டுக்கிறோம். நான் பெரிய படிப்பு படிச்சவன் இல்லை. எஸ்பிஎம் முடிச்சு தொழிற்சாலைக்குப் போனவன், முப்பது வருஷமா மெஷினோடயும் ஆளோடயும் காலம் ஓடுது. ஆனா இந்த விஷயத்தை நாலஞ்சு வருஷமா தேடித் தேடிப் படிச்சிட்டு வரேன். காரணம் இருக்கு, கடைசியில சொல்றேன்.

முதல்ல தமிழ்நாட்டுக் கதை. நம்ம தாத்தா பாட்டி கப்பல் ஏறின காலத்துல அது மதராஸ் மாகாணம்.

கோயில் நிர்வாகத்துல அரசாங்கம் கை வச்சது சுதந்திரத்துக்கு அப்புறம்னு பல பேர் நினைக்கிறாங்க. இல்லீங்க. 1817லயே கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு சட்டம் போட்டு, கோயில், சத்திரச் சொத்துக்களை எல்லாம் வருவாய் வாரியத்தோட மேற்பார்வைக்குக் கொண்டு வந்துடுச்சு. வெள்ளைக்கார கலெக்டர்தான் கோயில் நிலத்துக் குத்தகை பார்த்தார், தேர் ஓடுறதுக்கு ஏற்பாடு செஞ்சார். இது இங்கிலாந்துல பாதிரிமார்களுக்குப் பிடிக்கல. "கிறிஸ்துவ அரசாங்கம் விக்கிரக வழிபாட்டுக்குக் கணக்கு எழுதுதா"ன்னு கேட்டாங்க. 1840களில் கம்பெனி கொஞ்சம் கொஞ்சமா கையைக் கழுவுச்சு. 1863இல் ஒரு சட்டம் போட்டு, எல்லாத்தையும் தர்மகர்த்தாக்கள் கையிலும் உள்ளூர்க் கமிட்டிகள் கையிலும் ஒப்படைச்சிட்டு நகர்ந்துட்டாங்க.

அந்தக் கமிட்டியில ஒருத்தர் உட்கார்ந்தா ஆயுசு முழுக்க அவர்தான். மூணு வருஷத்துக்கு ஒரு தேர்தல் எல்லாம் கிடையாது. கணக்கு கேட்கணும்னா கோர்ட்டுக்குத்தான் போகணும். கோர்ட்டுக்குப் போற அளவுக்கு எந்த பக்தன்கிட்ட காசு இருக்கு? கோயில் நிலம் சொந்தக்காரங்களுக்குக் குறைஞ்ச குத்தகைக்குப் போச்சு, நகை காணாமப் போச்சு. அறுபது வருஷம் இப்படியே ஓடுச்சு.

அப்புறம் 1920இல் நீதிக் கட்சி ஆட்சிக்கு வந்துச்சு. பனகல் அரசர் முதலமைச்சரா இருந்தப்போ, 1922 டிசம்பர்ல இந்து சமய அறநிலைய மசோதாவைக் கொண்டு வந்தாங்க. மடாதிபதிகள் எதிர்த்தாங்க, சட்டசபையில பெரிய வாக்குவாதம். 1925இல் சட்டமாச்சு. செல்லுமா செல்லாதான்னு வழக்கு வந்ததும், 1927இல் அதையே மறுபடியும் புதுசா நிறைவேற்றினாங்க. அதுல பிறந்ததுதான் மதராஸ் இந்து சமய அறநிலைய வாரியம். ஒரு தலைவர், அவரோட சில ஆணையர்கள். கோயிலை நடத்துறது தர்மகர்த்தா, அவரை மேலிருந்து பார்க்கிறது வாரியம்.

எங்க தொழிற்சாலை பாஷையில சொல்றேன். வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிட்டர் வருவார். ரெக்கார்டைப் பார்ப்பார், தப்பு இருந்தா எழுதுவார், நாம சரி பண்ணணும். ஆனா அவர் லைன்ல நின்னு மெஷின் ஓட்ட மாட்டார். 1927 வாரியம் கிட்டத்தட்ட அந்த ஆடிட்டர்.

1951இல் இது தலைகீழா மாறுச்சு. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்துல தொடங்கின வேலை, குமாரசாமி ராஜா முதலமைச்சரா இருந்தப்போ முடிஞ்சது. வாரியத்தைக் கலைச்சிட்டாங்க. அதுக்குப் பதிலா ஆணையர், துணை ஆணையர், உதவி ஆணையர்னு சம்பளம் வாங்குற அதிகாரிகளை வச்சு ஒரு அரசாங்கத் துறை. இன்னைக்கு நாம கேள்விப்படுற இந்து சமய அறநிலையத் துறைக்கு அதுதான் ஆரம்பம். ஆடிட்டரே மேனேஜர் நாற்காலியில உட்கார்ந்த கதை.

விட்டுடுவாங்களா? உடுப்பியில இருக்கிற சிரூர் மடம் வழக்குப் போட்டுச்சு. அப்போ உடுப்பி மதராஸ் மாநிலத்துக்குள்ள இருந்துச்சு. 1954 மார்ச்ல இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுருக்கம் இதுதான்: கோயில், மடத்துச் சொத்தை எப்படி நிர்வாகம் பண்ணணும்னு அரசாங்கம் சட்டம் போடலாம். ஆனா நிர்வாகத்தையே மொத்தமாப் பிடுங்கிக்க முடியாது. பூசை, சடங்கு எப்படி நடக்கணும்னு முடிவு பண்றது அந்தச் சமயத்தார். வருமானத்துல 5 விழுக்காடு வரைக்கும் வாங்குற பிரிவையும் செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அது செஞ்ச வேலைக்கான கட்டணமா இல்லை, வரியா இருக்குன்னு காரணம். அதுக்கு ஏத்த மாதிரி திருத்தி எழுதின 1959ஆம் ஆண்டுச் சட்டம்தான் 1960 ஜனவரி 1லிருந்து இன்னைக்கு வரைக்கும் நடப்புல இருக்கு.

இப்போ அந்த அண்ணன் சொன்ன உண்டியல் விஷயம். உண்டியல் காசு அந்தந்தக் கோயில் கணக்குலதான் ஏறுது. அதிலிருந்து 12 விழுக்காடு வரை துறைக்கு நிர்வாகப் பங்களிப்பு போகும், தணிக்கைக் கட்டணம் தனி. அது அதிகமா இல்லையான்னு வாதம் பண்ணலாம், ஊர்ல பண்ணிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆனா "மொத்தமா எடுத்துட்டுப் போறாங்க"ன்னு சொல்றது சரியில்ல. அதே சமயம் அண்ணனோட பயத்துல நியாயம் இல்லாமலும் இல்லை. செயல் அலுவலர்னு ஒருத்தரை உள்ளே அனுப்பிட்டா அவர் திரும்பி வர்றதே இல்லைங்கிறது பழைய புகார். சிதம்பரம் நடராஜர் கோயில் வழக்குல 2014 ஜனவரியில உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு, தப்பைச் சரி பண்ண உள்ளே போகலாம், சரியானதும் வெளியே வந்துடணும், காலம் பூரா உட்கார முடியாதுன்னு. தீயணைக்க வந்தவன் வீட்டுலயே குடியேறின மாதிரி ஆகிடக்கூடாது இல்லையா.

இதெல்லாம் அங்கே. இங்கே மலாயாவில கதை வேற தினுசு.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூணும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்கள்னு இருந்துச்சு. 1905இல் அங்கே ஒரு சட்டம் வந்தது, முகமதிய இந்து அறக்கட்டளைச் சட்டம். ஆமாங்க, ரெண்டு சமயத்துக்கும் சேர்த்து ஒரே சட்டம். இதுக்கு முதல் காரணம் நம்ம கோயில்கூட இல்லை. பினாங்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இருக்கே, அதுக்கு 1801லயே கம்பெனி 18 ஏக்கர் நிலம் கொடுத்திருந்துச்சு. ஜார்ஜ்டவுன் நடுவுல 18 ஏக்கர்! வாடகை யாருக்குப் போகுது, யார் வீடு கட்டிக்கிட்டாங்கன்னு தலைமுறை தலைமுறையா தகராறு. அந்தச் சொத்துக் குழப்பத்துல பிறந்த சட்டம், நம்ம கோயில்களையும் சேர்த்துப் பிடிச்சுக்கிச்சு. பினாங்கில் 1906இல் வாரியம் உட்கார்ந்துச்சு, அடுத்து சிங்கப்பூர்லயும். தலைமையில வெள்ளைக்கார அதிகாரிங்க.

இந்தச் சட்டத்துல நான் கவனிச்ச முக்கியமான விஷயம், இது எல்லாக் கோயிலையும் தொடல. நிர்வாகம் கெட்டுப்போயிருந்தா, பொறுப்பாளர் யாரும் இல்லைன்னா, இல்ல அந்த அறக்கட்டளைக்கே நல்லதுன்னா, கவர்னர் உத்தரவு போட்டு அந்த ஒரு சொத்தை மட்டும் வாரியத்துக்கிட்ட கொடுக்கலாம். மதராஸ் மாதிரி மாகாணத்துக் கோயில் எல்லாத்துக்கும் மேல உட்கார்ந்த அதிகாரம் இல்லை. அதனாலதான் பினாங்குல தைப்பூசம் பார்க்கப் போறவங்களுக்கு ரெண்டு ரதம் கண்ணுல படுது. 1894லிருந்து ஓடுற வெள்ளி ரதம் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடது, அவங்க கோயில் வாரியத்துக்குள்ள வராது. 2017லிருந்து ஓடுற தங்க ரதம் வாரியத்தோடது, அது தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணிக்கு. "பினாங்குல எல்லாக் கோயிலும் வாரியத்துக்குக் கீழே"ன்னு குழுவுல ஒருத்தர் எழுதியிருந்தார், அது தப்பு.

சிங்கப்பூர்ல சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலை இந்த வாரியம்தான் எடுத்து நடத்துச்சு. நாராயண பிள்ளை 1827இல் ஆரம்பிச்ச கோயில் அது. சிங்கப்பூர் தனி நாடு ஆனதும், 1966இல் முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் வந்து, 1968இல் அவங்களுக்கு முயிஸ்னு தனி மன்றம் ஆயிடுச்சு. மிச்சம் இருந்தது நம்ம பாதி. அதுக்கு 1968இல் இந்து அறக்கட்டளைச் சட்டம், 1969 மே 1ஆம் தேதி இந்து அறக்கட்டளை வாரியம். இன்னைக்கும் அது நேரடியா நடத்துறது நாலே நாலு கோயில்: மாரியம்மன், சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள், சிவன் கோயில், வைராவிமட காளியம்மன். தைப்பூசமும் தீமிதியும் அவங்க பொறுப்பு. வாரிய உறுப்பினர்களை நியமிக்கிறது அமைச்சர். பக்தர் ஓட்டுப் போட்டு இல்லை. இது எனக்கு நெருடலாத்தான் இருக்கு, சொல்லிடறேன்.

ஆனா அந்த சிவன் கோயில் கதையைக் கேளுங்க. ஆர்ச்சர்ட் ரோட்டுல இருந்த கோயில். 1983இல் எம்ஆர்டி ரயிலுக்காக இடத்தை எடுத்துக்கிட்டாங்க. எத்தனையோ வருஷப் பழமை, நகரத்தின் நடு இடம், போயே போச்சு. ஆனா சாமி நடுத்தெருவுக்கு வரல. சிராங்கூன் ரோட்டுல பெருமாள் கோயில் பக்கத்துல தற்காலிகமா வச்சாங்க, பத்து வருஷம் கழிச்சு 1993இல் கேலாங் ஈஸ்ட்ல புதுக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகம். அரசாங்கத்தோட உட்கார்ந்து பேச, கையெழுத்துப் போட, சட்டத்துல பேர் இருக்கிற ஒரு ஆள் வேணும். அங்கே அந்த ஆள் இருந்துச்சு.

சரி, ஜொகூர்?

ஜொகூர் நீரிணைக் குடியேற்றங்கள்ல சேரல. சுல்தான் ஆட்சி, தனி மாநிலம். 1914இல்தான் வெள்ளைக்கார பொது ஆலோசகரையே ஏத்துக்கிட்டாங்க. ஆக 1905 சட்டம் இந்தப் பக்கம் வரவே இல்லை. சிகாமட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினா மலாக்கா. அந்தக் காலத்துல அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் கோயில் கட்டியிருந்தா சட்டத்துக்குள்ள, இந்தப் பக்கம் கட்டியிருந்தா வெளியே. பால்மரம் வெட்ட வந்த நம்ம ஆளுங்களுக்கு இந்தக் கோடெல்லாம் தெரியுமா? கங்காணி சொன்னார், துரை தலையாட்டினார், மரத்தடியில கல்லை நட்டு மாரியம்மன்னு கும்பிட்டாங்க. தோட்டக் கோயில் எல்லாம் இப்படி வந்ததுதான். துரையோட வாய் வார்த்தைதான் கிராண்டு.

1957இல் அரசியலமைப்பு வந்தப்போ ரெண்டு விஷயம் எழுதினாங்க. ஒண்ணு, 11வது பிரிவு: ஒவ்வொரு சமயத்தாரும் தங்கள் சமயக் காரியத்தைத் தாங்களே நிர்வகிக்கலாம், சொத்து வச்சுக்கலாம். இது நமக்கு நல்ல பாதுகாப்பு. ரெண்டாவது, எது கூட்டரசு, எது மாநிலம்னு பிரிக்கிற ஒன்பதாவது அட்டவணை. அதுல இஸ்லாமிய விவகாரம், வக்பு எல்லாம் மாநிலப் பட்டியல். இந்து அறக்கட்டளை கூட்டரசுப் பட்டியல். எந்தத் தலைப்புக்குக் கீழே வச்சிருக்காங்கன்னு பார்த்தா சிரிப்பு வரும்: தொழிலாளர், சமூகப் பாதுகாப்பு! தொழிற்சங்கம், சேமநிதி, அதோட நம்ம கோயில் சொத்து. தொழிற்சாலைக்காரன் எனக்கு இது ரொம்பப் பொருத்தமாத்தான் பட்டுச்சு.

சிரிப்பு இருக்கட்டும், சிக்கல் இங்கேதான். கோயில் அறக்கட்டளைக்குச் சட்டம் போடறது புத்ராஜெயா. ஆனா நிலம் மாநிலத்தோடது. ஜொகூர் சட்டமன்றம் நினைச்சாலும் தானா ஒரு இந்து வாரியச் சட்டம் போட முடியாது. புத்ராஜெயா சட்டம் போட்டாலும் ஒரு அடி மாநில நிலத்தைக்கூட அதால எழுதிக் கொடுக்க முடியாது. "நம்ம ஆட்சிக்குழு உறுப்பினரைப் பார்த்து வாரியம் கேட்போம்"னு குழுவுல எழுதின தம்பிக்கு இதுதான் பதில். அவர்கிட்ட நிலம் கேட்கலாம். வாரியம் கேட்க வேண்டிய கதவு வேற.

வாரியம் இல்லாததால நம்ம கோயில்கள் என்னவா இருக்கு? சங்கமா இருக்கு. 1966 சங்கங்கள் சட்டத்துக்குக் கீழே, பூப்பந்துக் கழகம் மாதிரி, பழைய மாணவர் சங்கம் மாதிரி. வருஷப் பொதுக்கூட்டம், அது முடிஞ்சு 60 நாளைக்குள்ள கணக்கு அனுப்பணும், அவ்வளவுதான். 1965லிருந்து மலேசிய இந்து சங்கம் இருக்கு, நல்லது செய்றாங்க. ஆனா அதுவும் ஒரு சங்கம்தான், இன்னொரு கோயில் கணக்கைத் திறந்து பார்க்க சட்ட அதிகாரம் கிடையாது.

இதோட பலனை நான் நேர்ல பார்த்தேன். நம்ம வட்டாரத்துல ஒரு கோயில், பேர் வேண்டாம். நிர்வாகம் ரெண்டா உடைஞ்சுது. ரெண்டு தலைவர், ரெண்டு பொருளாளர், உண்டியலுக்கு ரெண்டு பூட்டு. இவர் பூட்டுக்கு மேல அவர் ஒரு பூட்டு. வங்கிக் கணக்கு முடங்கிப் போச்சு. அந்த வருஷம் திருவிழா நடக்கல. நாற்பது வருஷமா அம்மனுக்குக் கரகம் எடுத்த ஒரு பாட்டி, கோயில் வாசல்ல வந்து பார்த்துட்டு, கேட்டுக்கு வெளியே சூடம் ஏத்திட்டுத் திரும்பிப் போனாங்க. 1863க்கு அப்புறம் மதராஸ்ல என்ன நடந்துச்சோ அதேதான் இது. அன்னையிலிருந்துதான் இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சேன்.

என் அபிப்பிராயம் கேட்டா, 1951 மதராஸ் மாதிரி ஒரு துறை நமக்கு வேண்டவே வேண்டாம். பெரும்பான்மை இந்துக்கள் இருக்கிற ஊர்லயே அதிகாரி உள்ளே வந்தா வெளியே போக மாட்டேங்கிறார், இங்கே கேட்கணுமா? எனக்குப் பிடிச்சது 1927 மாதிரி ஒண்ணு. நடத்துறது நாமதான். கணக்கைப் பார்க்க, ரெண்டு தலைவர் வந்தா யாருன்னு தீர்த்து வைக்க, நிலம் போனா நம்ம பேர்ல உட்கார்ந்து பேச ஒரு சட்ட வாரியம், அதுல பாதிப் பேராவது கோயில்கள் தேர்ந்தெடுத்தவங்களா இருக்கணும். இது நடக்க நாடாளுமன்றம் வரைக்கும் போகணும். என் காலத்துல நடக்குமான்னு தெரியல.

அதுவரைக்கும் கையில இருக்கிறதைப் பார்ப்போம். இதைத்தான் கடைசியில சொல்றேன்னு சொன்னேன்.

நம்ம கோயில் தோட்டக் கோயில். பழைய தோட்டம் கைமாறி, பால்மரம் போய் செம்பனை வந்து, இப்போ சுத்தி தாமான் வந்தாச்சு. கோயில் நிக்கிற நிலம் இன்னும் நம்ம பேர்ல இல்லை. "அறுபது எழுபது வருஷமா இங்கேதானே இருக்கோம்"னு எல்லாரும் தைரியமா இருக்கோம். அந்தத் தைரியம் தப்பு. 1965 தேசிய நிலச் சட்டத்துல, எத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தாலும் அதனால நிலம் சொந்தமாகாது. அரசு நிலத்துக்கும் அதே, தனியார் நிலத்துக்கும் அதே. டிஓஎல் இருந்தாலும் அது டிசம்பர் 31 வரைக்கும்தான், வருஷா வருஷம் புதுப்பிக்கணும். 2025 மார்ச்ல கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா பகுதியில பத்ரகாளியம்மன் கோயிலை இடம் மாத்தச் சொன்னப்போ என்ன பேசினாங்கன்னு ஞாபகம் இருக்கா? 130 வருஷக் கோயில்னு நாம சொன்னோம். அவங்க நிலம் யார் பேர்லன்னு கேட்டாங்க.

போன தீபாவளிக்கு ஒரு பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். தோட்டத்துல கிராணியா இருந்தவர். பேச்சுவாக்குல, கோயிலுக்கு இடம் விட்டதா துரை எழுதின கடுதாசி ஒண்ணு தன்கிட்ட இருக்குன்னு சொன்னார். தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். டைப் அடிச்ச ஒரு தாள், கீழே கையெழுத்து, ஓரமெல்லாம் கரையான் தின்னிருக்கு. அது கிராண்டு ஆகாது, தெரியும். ஆனா நில அலுவலகத்துல மனு போடும்போது வச்சுக் காட்ட நம்மகிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். மனு கோயில் பேர்ல போடணும்னா, 1952 அறங்காவலர் சட்டத்துக்குக் கீழே பொறுப்பாளர்களைப் பதிவு பண்ணிக்கலாம். அப்போ நிலம் தலைவர் பேர்லயும் போகாது, செயலாளர் பேர்லயும் போகாது, ஆள் மாறினாலும் அப்படியே நிக்கும். இதுக்குப் பொதுக்கூட்டத்துல தீர்மானம் வேணும்.

பொதுக்கூட்டம் அடுத்த மாசம் முதல் ஞாயிறு, காலை பத்து மணி, கோயில் மண்டபம். போன வருஷம் பதினெட்டுப் பேர்தான் வந்தீங்க, அதுல ஆறு பேர் சாப்பாடு பரிமாறுற நேரத்துக்கு வந்தவங்க. இந்த வருஷமும் சாப்பாடு உண்டு, நான்தான் பொறுப்பு, சாம்பாரும் பாயசமும். கோயில் சம்பந்தமா வீட்ல பழைய ரசீது, போட்டோ, திருவிழா நோட்டீஸ், எது இருந்தாலும் கொண்டு வாங்க, நகல் எடுத்துட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துடுவோம். அந்தக் கடுதாசியை லேமினேட் பண்ணலாமான்னு ஒரு தம்பி கேட்டார். வேண்டாம் தம்பி, சூட்டுல எழுத்து போயிடும். பிளாஸ்டிக் உறையில போட்டு வச்சிருக்கேன்.

குழுவை விட்டுப் போன ரெண்டு அண்ணன்மாரும் இதைப் படிச்சா, திரும்பிச் சேர்ந்துக்கோங்க. லிங்க் வேணும்னா எனக்கு மெசேஜ் போடுங்க.